அடுப்படி அலசல்: எண்ணெயே ஊத்தலை, பெறகு விரல்ல ஒட்டுறது என்ன?

"ஏத்தா, எண்ணெயே ஊத்தலைன்னு சொன்னியே... பெறகு எப்படி விரல்ல பிசுபிசுங்குது?"

பேத்தி தட்டில் வைத்து நீட்டிய சீஸ் நக்கெட்டைக் கடித்துவிட்டு அப்பத்தா கேட்கிற கேள்வி இது. மதுரையில் ஏர் ஃப்ரையர் நுழைந்த வீடுகளில் ஏதாவதொரு சாயங்காலம் இந்தக் கேள்வி வந்தே தீரும். "இது காத்துலயே பொரிக்கிற மிஷின் அப்பத்தா" என்று பதில் சொன்னால் விட்டுவிடவும் மாட்டார்கள். "காத்துல பொரிச்சா எண்ணெய் எங்கிட்டிருந்து வந்துச்சு?"

அப்பத்தா கேட்பது நியாயம். விரலில் ஒட்டுவது எண்ணெய்தான். அது வீட்டுத் தூக்கில் இருந்து ஊற்றிய எண்ணெய் இல்லை, அவ்வளவே.

இதை வீட்டுக்குள் நடக்கும் வாய்ச்சண்டை என்று சிரித்து விட்டுவிட முடியாது. 'எண்ணெய் இல்லாத பலகாரம்' என்ற நம்பிக்கையில்தான் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள பெரியவர்களின் தட்டில் இரண்டு சேர்த்து வைக்கப்படுகிறது. தெருமுனைக் கடையில் பஜ்ஜி வாங்கினால் "ரெண்டு போதும்" என்று கையைத் தடுக்கிற அம்மாக்கள்கூட, ஏர் ஃப்ரையரில் போட்டது என்றால் பாக்கெட் காலியாகும்வரை ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதல் பொரிப்பு தொழிற்சாலையில்

உறைந்த சீஸ் பலகாரம் எதுவானாலும் (நக்கெட், ஸ்டிக், பாப்பர், சீஸ் வைத்த உருளைக்கிழங்கு உருண்டை) செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே சீஸ் அல்லது சீஸ் கலந்த உருளைக்கிழங்கு மசியல். அதன்மேல் மாவுக்கரைசல், அதற்கும் மேல் ரொட்டித்தூள். பெரும்பாலானவற்றை அப்படியே கொதிக்கும் எண்ணெயில் கொஞ்ச நேரம் முக்கி எடுக்கிறார்கள். உள்ளே வேக அல்ல, மேலே இருக்கும் மாவு இறுகிக் கூடு போல ஆகத்தான் அந்தக் கொஞ்ச நேரம். எடுத்த கையோடு கடுங்குளிரில் உறைய வைத்துப் பாக்கெட்டில் அடைக்கிறார்கள்.

ஆக, கடையில் வாங்கும்போதே அது பாதி பொரித்த பலகாரம். ரொட்டித்தூளுக்குள் எண்ணெய் ஏற்கெனவே குடியிருக்கிறது. ஏர் ஃப்ரையரின் சூட்டில் அது உருகி, மேல்தோலை மொறுமொறுப்பாக்கி, மிச்சம் விரலில் ஒட்டுகிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'தாவர எண்ணெய்' என்றோ 'பாமாயில்' என்றோ ஒரு சொல் இருக்கும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மரச்செக்கில் தேடித்தேடி வாங்குகிற வீட்டில் பாமாயில் இந்த வழியாக நுழைவது பலருக்குத் தெரிவதில்லை.

மதுரை அடுப்படிகளில் பலர் செய்து பார்த்துத் தோற்ற இன்னொரு விஷயத்துக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. வாழைக்காய் பஜ்ஜியை ஏர் ஃப்ரையரில் போட்டால் என்ன ஆகிறது? மாவு ஓட்டை வழியாக ஒழுகிக் கீழே போய்விடும். மேலே மிஞ்சுவது வறட்டு அப்பளம் போல ஒரு தோல். கொதிக்கும் எண்ணெய் மாவை எல்லாப் பக்கமும் ஒரே நொடியில் பிடித்து இறுக்கிவிடும். காற்றுக்கு அந்த வலு கிடையாது. எண்ணெய் செய்ய வேண்டிய முதல் வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிட்டதால்தான் பாக்கெட் நக்கெட் அதே மிஷினில் அழகாக வருகிறது, அம்மா கரைத்த பஜ்ஜி மாவு வருவதில்லை.

சின்ன அவன், பெரிய விசிறி

ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் பாதிதான் உண்மை. 'ஏர்' உண்டு, 'ஃப்ரை' கிடையாது. மேலே ஒரு சூட்டுக்கம்பி, அதை ஒட்டி வேகமாகச் சுற்றும் விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. சுடுகாற்றைச் சின்ன இடத்துக்குள் சுழற்றிச் சுழற்றி அடிக்கிற அவன், அவ்வளவுதான். ஈரத்துணி நிழலில் காய்வதற்கும் ஃபேனுக்கு அடியில் காய்வதற்கும் உள்ள வித்தியாசமே சாதா அவனுக்கும் இதற்கும். பலகாரத்தைச் சுற்றி இருக்கும் குளிர்ந்த, ஈரமான காற்றை விசிறி தள்ளிக்கொண்டே இருப்பதால் மேல்தோல் சீக்கிரம் காய்ந்து சிவக்கிறது.

எண்ணெய் இல்லாமல் உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுப்பாக வேண்டும் என்று முனைந்த நெதர்லாந்துக்காரர் ஃப்ரெட் வான் டெர் வெய். அவருடைய வடிவமைப்பை ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. ஆனால் விசிறி வைத்த அடுப்பு அதற்கும் ரொம்ப மூத்தது. 1945-ல் அமெரிக்காவில் வில்லியம் மேக்ஸன் என்பவர் விமானத்தில் வைக்கும்படி ஒன்றைச் செய்தார். பெயர் 'வேர்ல்விண்ட்', அதாவது சூறாவளி. எதற்காகத் தெரியுமா? பறந்துகொண்டிருக்கும்போது உறைந்த சாப்பாட்டைச் சூடாக்க! உறைந்த பண்டத்துக்கும் சுழல்காற்று அடுப்புக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை.

அப்படியானால் ஏர் ஃப்ரையரால் லாபமே இல்லையா? இருக்கிறது. பாதி பொரித்த பண்டத்தை வாணலியில் மறுபடி பொரித்தால் அது இன்னும் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும், அது மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், வாணலியில் எண்ணெய் மீறாமல் இருப்பது. பத்து நக்கெட்டுக்காக அரை லிட்டர் ஊற்றி, மீந்ததை வடிகட்டி வைத்து, மறுநாள் அப்பளத்துக்கும் அதற்கு மறுநாள் தாளிப்புக்கும் எடுப்பதுதான் வீடுகளில் நடக்கிறது. திரும்பத் திரும்பச் சுட்ட எண்ணெயில் சேரும் கெட்டுப்போன பொருட்கள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வைத்த வரம்பு 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. கடைக்காரரிடம் அதை அளக்கக் கருவி உண்டு; வீட்டில் ஏது? ஏர் ஃப்ரையரில் அந்தத் தலைவலியே வராது. எண்ணெய் குறைகிறது என்பது சரி, எண்ணெய் இல்லை என்பதுதான் தப்பு.

சீஸ் ஏன் வெடித்து ஒழுகுகிறது?

ஏர் ஃப்ரையர் வாங்கிய முதல் வாரத்தில் எல்லாரும் பார்ப்பது இந்தக் காட்சி. கூடையைத் திறந்தால் நக்கெட் எல்லாம் குழி விழுந்து கிடக்கும். சீஸ் முழுக்க ஓட்டை வழியாக இறங்கி, அடித்தட்டில் கருகிப் படிந்திருக்கும்.

கூடைக்குள் ஒரு பந்தயம் நடக்கிறது. வெளித்தோல் சிவந்து இறுக வேண்டும்; அதற்குள் உள்ளே இருக்கும் சீஸ் இளகி, அதிலுள்ள நீர் ஆவியாகித் தோலை முட்டக் கூடாது. தோல் முந்தினால் பலகாரம், சீஸ் முந்தினால் குழம்பு. சீஸ் 60 டிகிரி பக்கம் வந்தாலே நன்றாக இளகிவிடும். தோல் சிவக்கவோ 150 டிகிரியைத் தொட வேண்டும். இந்தப் பந்தயத்தில் தோல் ஜெயிக்க ஒரே வழி, உள்ளே கல்லாக உறைந்திருக்க வேண்டும். உறைந்த சீஸ் உருகவே சில நிமிடம் எடுக்கும், அந்தச் சில நிமிடம்தான் தோலுக்குக் கிடைக்கும் அவகாசம்.

அதனால்தான் "ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வெச்சுட்டுப் போடு" என்ற அனுபவ யோசனை சீஸ் விஷயத்தில் செல்லாது. மீனுக்குச் சரி, கறிக்குச் சரி. இதை ஃப்ரீசரிலிருந்து நேரே கூடைக்குத்தான் மாற்ற வேண்டும்.

பனீர் மட்டும் ஏன் ஒழுகுவதில்லை என்று கேட்கலாம். பனீர் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றித் திரித்த பால். அப்படி அமிலத்தில் திரிந்த புரதம் சூட்டில் இளகாது, இன்னும் இறுகும். சீஸ் வேறு முறையில் உறை ஊற்றி எடுக்கப்படுவது. சூடு பட்டால் அதன் புரதப் பிடிப்பு தளர்ந்து ஓடும். இழுத்தால் நூலாக வரவேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்களே, அந்த நூலும் இந்த ஒழுகலும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள்.

மதுரை வெயிலும் உறைந்த பாக்கெட்டும்

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துச் செய்தால் இங்கே சொதப்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அங்கே கடையிலிருந்து வீடு வரைக்கும் குளிர். இங்கே சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி. கே.கே.நகரிலோ பைபாஸ் ரோட்டிலோ வாங்கிய பாக்கெட்டை ஸ்கூட்டி முன்னால் தொங்கவிட்டு, வழியில் காய்கறி வாங்கி, பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ பஸ்ஸில் போகிறவர்கள் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

பாக்கெட் பாதி இளகிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசரில் போட்டால் திரும்பக் கல்லாகத்தான் ஆகும், கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் உள்ளே நடந்தது வேறு. தொழிற்சாலையில் வேகமாக உறைய வைத்தபோது பனித்துகள் பொடிப்பொடியாக இருந்தது. வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறையும்போது அது பெரிய ஊசிகளாக வளர்ந்து மேல்தோலைக் கீறிவிடும். கூடவே இளகிய ஈரம் ரொட்டித்தூளில் ஊறியிருக்கும். அடுத்த நாள் ஏர் ஃப்ரையரில் போட்டதும் சீஸ் வெளியேறுவது அந்தக் கீறல் வழியாகத்தான். பழி மிஷின் மேல் விழுகிறது.

உறைந்த உணவை மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைக்க வேண்டும் என்பது விதி. கடையில் அது நடந்திருக்கிறதா என்று பாக்கெட்டைக் குலுக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். துண்டுகள் தனித்தனியாகக் கலகலக்க வேண்டும். ஒரே கட்டியாக ஒட்டியிருந்தாலோ உள்ளே பனி மழை பெய்தது போல வெள்ளையாகப் படிந்திருந்தாலோ, அது எங்கேயோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

வாங்குவதானால் மளிகை எல்லாம் முடித்துக் கடைசியாக எடுங்கள். நாலைந்து அடுக்கு செய்தித்தாளில் சுருட்டித் துணிப்பைக்குள் வைத்தாலே அரை மணி நேரம் தாங்கும். வெள்ளி நிறக் குளிர்ப்பை இருந்தால் இன்னும் நல்லது. மீன்காரர் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டியில் சின்னதாக ஒன்று வண்டியில் கிடந்தால் ஐஸ்கிரீமுக்கும் ஆகும். ஜிகர்தண்டாவைப் பார்சல் வாங்கி உருகாமல் வீடு சேர்க்கத் தெரிந்த ஊருக்கு இது பெரிய வித்தை இல்லை.

ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜ் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் ஐஸ் பெட்டி பலவற்றில் மைனஸ் 18 வரை குளிர்வதில்லை. பாக்கெட்டில் ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று தேதி இருந்தாலும் அது மைனஸ் 18-க்கான கணக்கு. இந்தப் பெட்டியில் வைத்தால் நாலைந்து நாளில் தீர்த்துவிடுவதே நல்லது. சில பாக்கெட்டுகளில் எந்த இடத்தில் எத்தனை நாள் என்று தனியாகவே போட்டிருப்பார்கள், அதன்படி நடக்கலாம்.

அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 முதல் மாலை 5 என்று பேப்பரில் பகுதிவாரியாகப் போடுவார்களே, அந்த நாள். நிறைந்த தனி ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஐஸ் பெட்டிக்கு அந்தத் தெம்பு கிடையாது. முந்தின இரவே தண்ணீர் பாட்டில் இரண்டை உறைய வைத்துப் பக்கத்தில் அணைத்து வைக்கலாம். ஒரு சின்ன டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிடுங்கள். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் பயமில்லை. அடியில் போய் உறைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. பாக்கெட்டைக் குப்பையில் போட மனசு வராதுதான், இருந்தாலும் போட்டுவிடுங்கள்.

லோ வோல்டேஜும் பிளக்கும்

'200 டிகிரி, 8 நிமிடம்' என்று புத்தகத்தில் போட்டபடி வைத்தும் வெள்ளையாகவே வருகிறது என்று வாடிப்பட்டி, சோழவந்தான், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் யாராவது சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது வோல்டேஜ். மின்சாரம் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் சூடு கொஞ்சம்தானே குறையும் என்று தோன்றும். அப்படி இல்லை. சூட்டுக்கம்பியின் பலம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1500 வாட் மிஷின் 200 வோல்ட்டில் ஏறக்குறைய 1130 வாட்தான் தரும். கால் பங்கு போச்சு. உறைந்த பண்டத்தை உள்ளே வைத்ததும் இறங்கிய சூடு திரும்ப ஏற நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் சீஸ் முந்திவிடும். இதற்கு வைத்தியம் நிமிடத்தைக் கூட்டுவது மட்டும் இல்லை. காலி மிஷினை ஐந்தாறு நிமிடம் நன்றாகச் சூடேற்றுங்கள், கூடையில் பாதி அளவே போடுங்கள், மோட்டார் ஓடும் நேரத்தைத் தவிருங்கள்.

பிளக் விஷயம் இன்னும் முக்கியம். 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர் வருகிறது. சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர் மட்டுமே தாங்கும்படி செய்தது. மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் அடுப்படியில் பெரும்பாலும் இருப்பது மிக்ஸிக்கு வைத்த அந்தச் சின்ன பாயின்ட்தான். அதில் மாட்டினால் முதல் நாள் ஓடும், பத்தாவது நாளும் ஓடும்; பிளக் மட்டும் தொட்டால் சுடும், பிறகு பழுப்பாகும், ஒருநாள் உருகி வாடை வரும். கிரைண்டரும் மிக்ஸியும் மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதையும் சேர்த்து மாட்டுவது அதைவிட மோசம். எர்த் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டுமே போடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தனி லைன் இழுக்க ஆகும் செலவு, மிஷின் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டிய செலவு. சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் இதை ஓட்ட நினைக்கவே வேண்டாம்.

கரன்ட் பில்லைப் பற்றிய பயம் மட்டும் தேவையில்லாதது. 15 நிமிடம் முழு மூச்சாக ஓடினாலும் 0.375 யூனிட். தினமும் ஒருமுறை என்று இரண்டு மாதம் ஓட்டினால் இருபத்திரண்டரை யூனிட்.

கூடையில் போடும் முறை

பாக்கெட்டில் ஏர் ஃப்ரையருக்கான குறிப்பு இருந்தால் அதுதான் முதல் சட்டம். இல்லாதபோது மெல்லிய ஸ்டிக்குக்கு 200 டிகிரியில் 6 முதல் 8 நிமிடம், தடித்த நக்கெட்டுக்கும் உருண்டைக்கும் 190 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் என்று தொடங்கலாம். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு குணம் உண்டு. புது மிஷினில் முதல் தடவை நாலே நாலு துண்டு போட்டு, ஐந்தாவது நிமிடத்திலிருந்து திறந்து திறந்து பார்த்துவிட்டால் பிறகு கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

ஒன்றன்மேல் ஒன்று குவிக்கக் கூடாது. ஒரே அடுக்கு, துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி. காற்று போக வழியில்லாத இடத்தில் பலகாரம் அவியும், பொரியாது. விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று ஒரேயடியாகத் திணிப்பதைவிட இரண்டு தடவையாகப் போடுவதே மேல். இரண்டாவது தடவைக்கு மிஷின் ஏற்கெனவே சூடாக இருப்பதால் ஒரு நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். பாதியில் திருப்பும்போது இடுக்கியால் மெதுவாக. கூடையைப் பிடித்துக் குலுக்குவது உருளைக்கிழங்கு வறுவலுக்குச் சரி. சீஸ் ஸ்டிக்கின் தோல் குலுக்கலில் உடைந்துவிடும். மேலே எண்ணெய் தடவ வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் உள்ளேயே இருக்கிறதே!

பொன்னிறம் வந்ததும் நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு நிமிஷம் முறுகட்டும்" என்று கருஞ்சிவப்பாக்குவது வேண்டாம். உருளைக்கிழங்கும் மாவும் 120 டிகிரிக்கு மேல் சிவக்கச் சிவக்க அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது என்பதை 2002-ல் ஸ்வீடன் உணவுத் துறையினர் உலகுக்குச் சொன்னார்கள். எண்ணெயில் பொரித்தாலும் காற்றில் சுட்டாலும் கருகினால் அது கூடத்தான் செய்யும். மிஷின் மாறியதால் அந்தக் கணக்கு மாறவில்லை.

எடுத்ததும் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள். தோல் ஆறிய பிறகும் உள்ளே இருக்கும் சீஸ் கொதித்துக்கொண்டிருக்கும். வாயில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் துப்பவும் முடியாது. மூன்று நிமிடம் தட்டில் கிடக்கட்டும். சின்னக் குழந்தைக்கு என்றால் பிய்த்து ஆவி அடங்கிய பிறகு. அந்த மூன்று நிமிடத்தில் சீஸும் சற்றே இறுகிக்கொள்ளும், கடித்ததும் ஒழுகாது.

சைவ வீட்டில் இன்னொரு கவனமும் தேவை. பச்சைப் புள்ளி பார்த்துத்தான் வாங்குகிறோம் என்பது சரி. அண்ணன் நேற்று அதே கூடையில் சிக்கன் சுட்டிருந்தால் அப்பத்தாவுக்குத் தெரியாமல் போகுமா?

எத்தனை சாப்பிடலாம்?

இப்போது பாக்கெட்டின் பின்பக்கம். பொருட்களின் பட்டியல் எடை கூடியதில் தொடங்கி இறங்கு வரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். முகப்பில் சீஸ் வழிகிற படம் இருக்கும். பட்டியலில் உருளைக்கிழங்கு, மாவு, எண்ணெய் எல்லாம் முடிந்து நாலாவதாக சீஸ் வந்தால் வாங்குவது எது என்று புரிந்துகொள்ளலாம். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்ததை வெறுமனே சீஸ் என்று விற்க விதி இடம் தருவதில்லை. 'அனலாக்' என்ற சொல் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

எண்ணெயைவிட ஏமாற்றுவது உப்பு. ஒழுகாமல் சீராக இளகும் பதப்படுத்திய சீஸை 1911-ல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கினார்கள். அந்த வித்தையின் சூத்திரம் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள். பாக்கெட்டில் ஐ.என்.எஸ். 331, 339 என்று எண்களாக நிற்பவை இவைதான். இரண்டிலும் சோடியம் உண்டு. நாக்குக்கு அவ்வளவாகக் கரிக்காது, சோடியம் மட்டும் உள்ளே போகும். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, என்பது பெரியவர்களுக்கான வரம்பு. பாக்கெட்டில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு 20 கிராம் என்றால் பத்துத் துண்டில் 1200 மில்லிகிராம். தக்காளி சாஸ் தொட்டால் அது தனி. காலை இட்லிச் சாம்பாரும் மதியக் குழம்பும் ஊறுகாயும் இன்னும் கணக்கில் வரவில்லை. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடும் அப்பத்தாவுக்கு இரண்டு துண்டு, தொட்டுக்கொள்ள உப்புக் குறைத்து அரைத்த புதினாத் துவையல். பிள்ளைகளுக்கு நாலு, கூடவே ஒரு கொய்யாவோ வெள்ளரியோ. தினமும் இல்லை, வாரத்தில் ஒருநாள்.

ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால் வீட்டிலேயே செய்து உறைய வைக்கலாம். உப்பும் எண்ணெயும் கைக்குள் இருக்கும். வேகவைத்த உருளைக்கிழங்கைச் சூடாறிய பின் மசித்து, பச்சைமிளகாய், மல்லித்தழை, மிளகுத்தூள் சேர்த்துப் பிசைந்து, நடுவில் சுண்டுவிரல் நுனி அளவு சீஸ் வைத்து விரிசல் இல்லாமல் உருட்ட வேண்டும். சீஸில் உப்பு இருப்பதால் மசியலுக்குப் பாதி உப்பே போதும். பெரியவர்களுக்கான உருண்டையில் சீஸுக்குப் பதில் பனீர் வைத்தால் ஒழுகும் பேச்சே இல்லை, சோடியமும் குறையும்.

ரொட்டித்தூளில்தான் சூட்சுமம் இருக்கிறது. அப்படியே புரட்டிப் போட்டால் ஏர் ஃப்ரையரில் எத்தனை நிமிடம் வைத்தாலும் வெள்ளையாக, மணல் கடித்தது போல இருக்கும். ஒரு கப் தூளுக்கு இரண்டு டீஸ்பூன் கடலை எண்ணெய் விட்டுப் பிசறி, வாணலியில் இளந்தீயில் லேசாகப் பொன்னிறமாகும்வரை முதலில் வறுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை எண்ணெயில் முக்கிச் செய்வதை வீட்டில் இரண்டு டீஸ்பூனில் முடித்தாயிற்று. உருண்டையை மைதாக் கரைசலில் தோய்த்துத் தூளில் புரட்டி, அதையே இன்னொரு முறையும் செய்து, தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். கல்லானதும் டப்பாவுக்கு மாற்றிவிடலாம். சுடும்போது 190 டிகிரி, 10 நிமிடம்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றிரண்டு வெடித்துக் கூடையில் சீஸ் படிந்துவிட்டால், சூட்டோடு சூடாகத் தண்ணீர் ஊற்றவோ ஸ்டீல் நாரால் சுரண்டவோ வேண்டாம். கூடையின் பூச்சு போய்விடும். முழுக்க ஆறட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்தால் சீஸ் தோல் போல உரிந்து வரும், வராத இடத்தில் மரக்கரண்டி போதும். மேலே சூட்டுக்கம்பியில் தெறித்திருக்கிறதா என்றும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை குனிந்து பாருங்கள். அடுத்த தடவை புகை வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.